லிஃப்ட் வாசலில் தயங்கும் நாய்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எங்கள் லாப்ரடார் பையனுக்கு ஏழு வயது. மூன்று வருஷமாகக் கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு, அங்கே உள்ளவர்களுக்கு ஆறுதல் தரும் தெரபி நாயாகப் போய்வருகிறான். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம். அங்கே உள்ளவர்களுக்கு அவன் என்றால் உயிர். ஆனால் இரண்டு மாதமாக லிஃப்ட் வாசலில் நின்றுவிடுகிறான். பிஸ்கட்டைக் காட்டித்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அறைகளில் அடிக்கடி கொட்டாவி விடுகிறான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். "நன்றாக வேலை செய்த அலுப்பு" என்கிறார்கள். அவனுக்கு இது பிடித்திருக்கிறதா, இல்லை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேனா? நிறுத்தினால் காத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது?

வி., ஸ்கார்பரோ

அன்புள்ள வி.,

ஓடியாடி அலுத்த லாப்ரடார் சாப்பாட்டுத் தட்டை விடாது. தின்றுவிட்டுத்தான் படுக்கும். உங்கள் பையன் சாப்பாட்டை விடுகிறான், போகும் வழியிலேயே நிற்கிறான், அறைக்குள் கொட்டாவி விடுகிறான். மூன்றும் ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தால் அதை அலுப்பு என்று விட்டுவிட முடியாது. அவன் உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மனசைப் பார்க்குமுன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். ஏழு வயது லாப்ரடாருக்கு முழங்கை மூட்டிலும் இடுப்பு மூட்டிலும் தேய்மானம் தொடங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. மெருகேற்றிய வழவழப்பான தரையில் ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்காமல் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், வீட்டுக் கம்பளத்தில் தெரியாத வலி அங்கே தெரியும். படுத்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி விறைப்பாக வைக்கிறானா, காரில் ஏறத் தயங்குகிறானா என்று பாருங்கள். அதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிஷம் செல்போனில் படம் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவருடைய மேஜைமேல் ஏறியதும் பல நாய்கள் வலியைக் காட்டாது, அதனால் இந்தப் படம் உதவும். காது, பல் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களுக்கு இடையே வளர்ந்த முடியைப் பாத மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள், நகத்தையும் குறையுங்கள். வழுக்கல் குறையும்.

வலி இல்லை என்று தெரிந்தால் அடுத்தது லிஃப்ட். கதவு சட்டென்று மூடுகிறது, தரை அசைகிறது, சக்கர நாற்காலி வால் மேல் ஏற வருகிறது, ஒதுங்க இடமில்லை. பயம் அதோடு நிற்கிறதா என்று அறிய ஒருநாள் தரைத்தளத்து அறை ஒன்றுக்கு மட்டும் கூட்டிப்போங்கள். வாலாட்டிக்கொண்டு நுழைந்தால் லிஃப்டைத் தவிர்த்தால் போதும். வாகன நிறுத்தத்திலேயே கால் ஊன்றி நின்றால் அவனுக்கு வேலையே வேண்டாம் என்று பொருள்.

எப்படியானாலும் பிஸ்கட் காட்டிக் கூட்டிப்போவதை இன்றோடு நிறுத்துங்கள். நல்ல மனசோடு செய்யும் இந்தக் காரியம்தான் அதிகம் கெடுக்கிறது. ஆசை முன்னே இழுக்கிறது, பயம் பின்னே இழுக்கிறது. பிஸ்கட் வாய்க்குள் போனதும் பார்த்தால், தான் போக விரும்பாத இடத்தில் நிற்கிறான். அப்போது யாராவது தலைக்கு மேல் கையை நீட்டினால் உறுமல் வரலாம். கொடுப்பதாக இருந்தால் அவன் பின்னால், ஆளிடமிருந்து விலகிய பக்கமாகத் தரையில் போடுங்கள். தின்றுவிட்டுத் திரும்பி அந்த ஆளிடம் தானே வருகிறானா என்று பாருங்கள். வந்தால் அது அவன் விருப்பம்.

கொட்டாவி பற்றி. தூக்கமில்லாதபோது விடும் கொட்டாவி, சாப்பாடு இல்லாதபோது உதட்டையும் மூக்கையும் நக்குவது, தலையை ஒருபக்கம் திருப்பிக்கொள்வது, ஒன்றுமில்லாத தரையை முகர்வது, முன்காலைத் தூக்கி வைத்திருப்பது, நனையாமலே உடம்பை உதறுவது எல்லாம் ஒரே குடும்பம். நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றைத்தான் நாய்களின் சமாதான சைகைகள் என்று எழுதினார். ஒன்று வந்தால் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஆளிடம் ஒரு நிமிஷத்துக்குள் மூன்று வந்தால் விடைபெற்றுக் கிளம்புங்கள். பிஸ்கட்டை வழக்கமாக மெதுவாக வாங்குகிறவன் பல் படப் பிடுங்கினாலோ, குளிர்ந்த அறையில் வாயோரம் பின்னுக்கு இழுபட இரைத்தாலோ, தரையில் ஈரப் பாதத் தடம் விழுந்தாலோ கிளம்பத் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

எல்லாரும் தவறவிடும் ஒரு காட்சி உண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவர் குனிந்து இரண்டு கையாலும் நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். அதுவரை லேசாகத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வாய் மூடுகிறது. காது பின்னால் ஒட்டுகிறது. உடம்பு கட்டைபோல் ஆகிறது. கண்ணோரத்தில் பிறைபோல வெள்ளை தெரிகிறது. சுற்றியிருப்பவர்கள் "எவ்வளவு பாசம் பாருங்கள்" என்று போட்டோ எடுக்கிறார்கள். நாய் பொறுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வாய் மூடும் அந்த நொடியைப் பிடிக்கப் பழகுங்கள். அதற்கு உங்கள் கண் பாட்டியின் முகத்தில் இருக்கக் கூடாது, நாயின் முகத்தில் இருக்க வேண்டும். அவனை நேருக்கு நேர் நிறுத்தாமல் நாற்காலிக்குப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். உங்கள் ஒரு கை அவன் தோளில் இருக்கட்டும், அணைப்பு வந்தால் அது குறுக்கே நிற்கும். "இங்கே தடவுங்கள்" என்று நெஞ்சையும் விலாவையும் காட்டுங்கள். மூன்று விநாடி தடவிக் கையை எடுக்கச் சொல்லுங்கள். அவனே சாய்ந்து வந்தால் தொடரலாம், சும்மா நின்றால் முடித்துவிடலாம். வார் எப்போதும் தொய்வாகத் தொங்கட்டும். வியன்னாவில் தெரபி நாய்களின் எச்சிலில், மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோனான கார்டிசோலை அளந்தவர்கள், வாரில்லாமல் விரும்பியபடி நகர முடிந்த நாய்களிடம் அது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். கார்டிசோல் சந்தோஷப் பரபரப்பிலும் ஏறும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் விலகிப் போக வழி இருந்தால் நாய் நிம்மதியாக இருக்கும் என்பது கண்ணால் பார்க்கிற விஷயம்.

இரண்டு மணி நேரம் அதிகம். தெரபி விலங்குகளைப் பதிவுசெய்யும் அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் அமைப்பு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. மருத்துவமனைக்கு வரும் விலங்குகளுக்காக அமெரிக்கத் தொற்றுநோயியலாளர்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாய் களைத்தால் விபரீதம் நேரலாம் என்பதால் ஒரு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்கிறது. இவை உச்சவரம்புகள். உங்கள் பையனுக்கு வாரம் ஒருநாள், 40 நிமிஷம் போதும். 20 நிமிஷம் ஆனதும் வெளியே கூட்டிப்போய்ப் பத்து நிமிஷம் புல்லை முகரவிடுங்கள். முதியவர்களுக்காக அறைகளைச் சூடாக வைத்திருப்பார்கள். நாயோ பெரும்பாலும் இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியும், அதனால் அவனுடைய தண்ணீர்க் கிண்ணம் கூடவே போகட்டும். காது கேட்கும் கருவி கீச்சிடும் சத்தம் நமக்கு லேசாகக் கேட்கும், அவனுக்குக் குத்தும். அந்த அறையில் கதவோரமாக இருங்கள்.

வருகைக்கு முந்தின 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டச் சொல்வது பல இடங்களில் விதி. வாரம் இரண்டு குளியல் அவன் தோலை வறட்டலாம், அரிப்பு வரலாம். நாளைக் குறைக்க இது இன்னொரு காரணம்.

நோயாளிகளின் கையை நக்கவிடாதீர்கள், அவர்கள் கையால் பிஸ்கட்டும் வேண்டாம். கனடாவிலேயே நடந்த ஆய்வில், அப்படிப் பழகிய நாய்கள்தான் மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற மருத்துவமனைக் கிருமிகளை அதிகம் ஏந்தி வந்தன. கிருமிநாசினி தடவிய கை நன்றாக உலர்ந்த பிறகே அவனைத் தொடட்டும். கட்டிலடியை ஒருமுறை பார்த்துவிட்டு அவனை உள்ளே விடுங்கள். கீழே விழுந்த வலி மாத்திரையும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கமும் நாய்க்கு விஷம்.

இப்போது செய்ய வேண்டியது மூன்று வார விடுப்பு. பிறகு ஒருநாள் வேலை அங்கியை எடுத்துக் கழுத்து வளையத்தை விரித்து, அவனுக்கு ஓரடி தள்ளிப் பிடியுங்கள். கூப்பிட வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். தானே தலையை நுழைத்தால் தரைத்தளத்தில் 15 நிமிஷத்தில் இருந்து மறுபடி தொடங்குங்கள். முகர்ந்துவிட்டு நகர்ந்துபோனால் அங்கியை மடித்து வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் ஒருமுறை கேட்கலாம். அப்போதும் நகர்ந்தால் அவன் ஓய்வு பெற்றாயிற்று.

காத்திருப்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: அவனுக்கு வயசாகிறது, முடியவில்லை. முடியாமல் போவது என்னவென்று அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவனுடைய படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை அவனை வீட்டில் விட்டுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு நீங்கள் மட்டும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.