யார் செலவில் எடுத்த சர்வே?

கேள்வி: ஒரு சேனல் ஆளுங்கட்சிக்கு 150 இடம் என்கிறது. அடுத்த சேனலுக்குத் திருப்பினால் அதே கட்சிக்கு 80. எங்கள் தெருவுக்கு இதுவரை ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. இந்தக் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா? பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன?
– வாசகர், ராஜபாளையம்

பதில்: உங்கள் தெருவுக்கு வராததை முதலில் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் வாக்காளர்கள் ஆறு கோடிக்கு மேல். 40,000 பேரிடம் கேட்டால் அது பெரிய சர்வே. அப்போதும் 1,500 பேருக்கு ஒருவரைத்தான் பார்த்திருப்பார்கள். எல்லாச் சாதி, எல்லா வயது, ஊர், நகரம் என்று சரியாகக் கலந்து பொறுக்கியிருந்தால், உங்களைக் கேட்காமலேயே மாநிலத்தின் வாக்கு சதவீதத்தை ஓரளவு பக்கத்தில் சொல்லிவிடலாம். வில்லங்கம் அந்தச் சதவீதத்தை இடங்களாக மாற்றும்போது வருகிறது.

2016 சட்டமன்றத் தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? வாக்குப்பதிவு முடிந்த மாலையில் பெரும்பாலான நிறுவனங்கள் தி.மு.க. ஆட்சி என்றன. எண்ணி முடித்தபோது அ.தி.மு.க. 134, தி.மு.க. கூட்டணி 98. கணித்தவர்கள் மண்ணைக் கவ்வினார்கள் என்று எல்லோரும் சிரித்தோம். ஆனால் வாக்கு விகிதம் கிட்டத்தட்ட 41-க்கு 40. இடைவெளி ஒரே ஒரு சதவீதம்! ஆயிரம் பேரிடம் ஒழுங்காக எடுத்த சர்வேயிலேயே மேலும் கீழும் மூன்று சதவீதம் பிசகும் என்பது புள்ளியியல் கணக்கு. தொகுதிக்கு 200 பேர் என்றால் தொகுதி அளவில் ஏழு சதவீதம் பிசகும். ராதாபுரத்தில் அந்தத் தேர்தலில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 49 வாக்கு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 49 வாக்கை எந்தச் சர்வே பிடிக்கும்? அதற்கு இரண்டு வருடம் முன்பு, மக்களவைத் தேர்தலில், 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூட இல்லை; 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39-ல் 37. நம் தேர்தல் முறை அப்படி. ஆகவே "இந்தக் கட்சிக்கு 117" என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் துணிச்சலைப் பாராட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று, நாமும் உண்மை சொல்வதில்லை. சாவடிக்கு வெளியே கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் நிற்பான். பத்தடி தள்ளி டீக்கடை பெஞ்சில் இரு கட்சியின் வட்டமும் கிளையும் உட்கார்ந்திருக்கும். "யாருக்கும்மா போட்டீங்க?" என்றால் அந்த அம்மா என்ன சொல்வார்? "ஜெயிக்கிறவங்களுக்குத்தான் தம்பி" என்று நடையைக் கட்டுவார். இன்னொருவர் "எங்க வீட்டுக்காரரைக் கேளு" என்பார். முந்தின இரவு இரண்டு பக்கமும் கவர் வாங்கியவர் யார் பெயரைச் சொல்வார்? வாய் திறந்து பேசுகிறவர்களையே கணக்கில் எடுத்தால், பேசாத ஊமைச் சனத்தின் ஓட்டு எண்ணும் நாளில்தான் தெரியவரும்.

2024-ல் உத்தரப்பிரதேசத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஆக்ஸிஸ் மை இந்தியா நாடு முழுதும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது. நாற்பது இடத்துக்கு அகலமாக வலை விரித்தும் மீன் வெளியே போய்விட்டது, கிடைத்தது 293. உ.பி.யில் மட்டும் அறுபத்துச் சொச்சம் என்று போட்டிருந்தார்கள், வந்தது 36. நிறுவனத்தின் தலைவர் பிரதீப் குப்தா நேரலையிலேயே கண்ணீர் விட்டார். இதே நிறுவனம் 2019-ல் 339 முதல் 365 வரை என்று சொல்லி, முடிவு அதற்குள்ளேயே விழுந்ததையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணீர் அன்றோடு காய்ந்திருக்கும். பணம் போனவர்கள் கதை வேறு. ஜூன் 1, சனிக்கிழமை மாலை கணிப்புகள் வந்தன. திங்களன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. செவ்வாய், எண்ணிக்கை நாளில், 4,300 புள்ளிக்கு மேல் விழுந்தது. யாரோ வாங்கினார்கள், யாரோ விற்றார்கள். கணிப்பு தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை, வெறும் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று நாளைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

விலைக்கு எண் மாற்றும் வியாபாரமும் உண்டா? 2014 பிப்ரவரியில் ஒரு செய்திச் சேனல் ரகசியக் கேமராவோடு போய், பணம் கொடுத்தால் எண்ணைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறோம் என்று சில நிறுவனத்து ஆட்கள் பேசியதாக ஒளிபரப்பியது. நிறுவனங்கள் மறுத்தன. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு பெரிய கட்சியும் தன் செலவில் தொகுதி தொகுதியாக சர்வே எடுக்கிறது. யாருக்கு சீட், யாருக்கு நாமம் என்பதை அதை வைத்து முடிவு செய்கிறது. அந்தக் காகிதம் வெளியே வருவதில்லை. வெளியே வருவதைக் கட்சிக்காரர்களே சாதகமாக இருந்தால் "மக்கள் தீர்ப்பு" என்பார்கள், பாதகமாக இருந்தால் "கருத்துத் திணிப்பு" என்பார்கள். அவர்களுக்கே இல்லாத நம்பிக்கை உங்களுக்கு எதற்கு?

தடையைப் பற்றி. பாதித் தடை ஏற்கெனவே இருக்கிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் டி.வி.யில் கருத்துக்கணிப்பு போடக்கூடாது. வாக்களித்தவர்களிடம் கேட்டு எடுப்பதைக் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை வெளியிடக்கூடாது; மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. முழுத் தடை எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கவுன்சில் ஒன்று இருக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள், எந்தத் தேதிகளில், எத்தனை பேரிடம், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதையெல்லாம் அதன் உறுப்பினர்கள் வெளியிட்டாக வேண்டும். இங்கே சட்டமாகவே அதைக் கொண்டுவரலாம். தடை போட்டால் என்ன ஆகும் தெரியுமா? டி.வி. சும்மா இருக்கும், வாட்ஸ்அப்பில் "உளவுத்துறை ரிப்போர்ட்" சுற்றும். அதில் எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று நீங்கள் யாரிடம் போய் விசாரிப்பீர்கள்?