சிங்க்ரனஸ்தான் வேகம் என்றால் அசிங்க்ரனஸ் ஏன் இன்னும் இருக்கிறது?

நெட்வொர்க்கிங் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். தரவு அனுப்புகிற சிங்க்ரனஸ், அசிங்க்ரனஸ் என்ற இரண்டு முறைக்கும் என்ன வித்தியாசம், சிங்க்ரனஸ் வேகமானது என்றால் அசிங்க்ரனஸை ஏன் இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். போன் பேசுவது சிங்க்ரனஸ், மெயில் போடுவது அசிங்க்ரனஸ் என்று பல இடங்களில் பதில் சொல்கிறார்கள். மனிதர்கள் பேசிக்கொள்வதற்கு அது சரி, ஒயரில் பிட், அதாவது 0-வும் 1-ம், போவதற்குச் சரியில்லை. தயவுசெய்து அதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

ஒயரில் நடப்பது வோல்டேஜ் மாறுவது மட்டும்தான். தொடர்ந்து 0 வந்தால் ஒயர் அசையாமல் ஒரே நிலையில் கிடக்கும். வந்தது ஏழு 0-வா எட்டு 0-வா என்று வாங்குகிற பக்கம் எப்படி எண்ணும்? ஒரு பிட் எவ்வளவு நேரம் என்று தெரிந்தால்தான் எண்ண முடியும், அதற்குக் கடிகாரம் வேண்டும். அந்தக் கடிகாரம் வாங்குகிறவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம் மொத்தமும் இருக்கிறது. அசிங்க்ரனஸில் கடிகாரமே கிடையாது என்று சில நோட்ஸில் இருக்கும், அது தவறு. அங்கே இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆளுக்கொன்று ஓடிக்கொண்டிருக்கும்.

திருவொற்றியூர் கடற்கரையில் படகை மேலே இழுப்பதைச் சின்ன வயதில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஏலேலோ என்று குரல் கொடுப்பார், எல்லோரும் அந்தத் தாளத்தில் இழுப்பார்கள். தாளம் வேலையோடு கூடவே வருகிறது, அது சிங்க்ரனஸ். அதே கரையில் மீன் கூடையைக் கை மாற்றும்போது தாளமெல்லாம் இல்லை, "இந்தா பிடி" என்று குரல் வந்ததும் கை நீட்டினால் போதும், அடுத்த கூடை பத்து நிமிடம் கழித்து வந்தாலும் பிரச்சினை இல்லை. அது அசிங்க்ரனஸ். அந்த "இந்தா"தான் ஸ்டார்ட் பிட், எழுத்து வரப்போகிறது என்று முன்னால் வருகிற பிட்.

இதை நான் உண்மையில் புரிந்துகொண்டது மணலி பக்கம் ஒரு வே பிரிட்ஜில். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஏறி எடை போட்டுக்கொண்டு போகும். ரூமுக்குள் இருக்கிற இண்டிகேட்டர் எடையை ஆர்எஸ்-232 என்கிற சீரியல் போர்ட் வழியாக, அசிங்க்ரனஸ் முறையில், 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் அனுப்பும், டிரைவருக்குத் தெரிகிற மாதிரி வெளியே ஒரு பெரிய டிஸ்ப்ளே வேண்டும் என்று கேட்டார்கள், நான் 8051 என்கிற மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து ஒன்று செய்து மாட்டினேன். எண்ணுக்குப் பதில் குப்பையாக வந்தது. ஒயரை மாற்றினேன், கனெக்டரை மாற்றினேன், ப்ரோக்ராமைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் கிரிஸ்டல், சிப்பின் கடிகாரத்துக்குத் துடிப்பு கொடுக்கிற சின்ன பாகம். நான் போட்டிருந்தது 12 மெகாஹெர்ட்ஸ். அந்தச் சிப்பில் அதை வைத்து 9600-ஐச் சரியாக வகுக்க முடியாது, கிட்டத்தட்ட 10,417-தான் வரும், அதாவது எட்டரை சதவீதம் அதிகம்.

எட்டரை சதவீதம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது ஒயர் 1 நிலையில் இருக்கும். முதலில் 0-வாக இறங்குவது ஸ்டார்ட் பிட், அந்த இறக்கத்தைப் பார்த்ததும் வாங்குகிற பக்கம் தன் கடிகாரத்தை அந்த நொடியில் புதிதாகத் தொடங்குகிறது. அப்புறம் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்த்து 0-வா 1-ஆ என்று குறித்துக்கொள்ளும், 9600-ல் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோ செகண்ட். தரவு எட்டு பிட், கடைசியில் 1-ஆக ஒரு ஸ்டாப் பிட், ஸ்டார்ட்டையும் சேர்த்து மொத்தம் பத்து. என் டிஸ்ப்ளே அவசரப்பட்டதால் தரவில் முதல் ஐந்து பிட் வரை எப்படியோ சரியாக விழுந்தது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் முந்தைய பிட்டின் இடத்தில் போய்ப் பார்த்தது. பத்தாவது பிட்டின் நடுவுக்குள் அரை பிட் தவறினாலே போச்சு, அதனால் இரண்டு கடிகாரத்துக்கும் இடையே ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தாங்காது. 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்று விசித்திரமான எண்ணில் கிரிஸ்டல் விற்கிறார்களே, அது 9600-க்குச் சரியாக வகுபடும். அதை மாற்றிப் போட்டேன், எடை வந்தது.

சிங்க்ரனஸில் இந்தத் தலைவலி இல்லை, ஏனென்றால் அனுப்புகிறவரின் கடிகாரமே வந்துவிடும். சிப்புகள் தங்களுக்குள் பேசுகிற எஸ்பிஐ, ஐ2சி மாதிரி சின்ன தூரத்துக்குக் கடிகாரம் தனி ஒயரில் வரும். தூரமாகப் போனால் தரவுக்குள்ளேயே கலந்து வரும். பழைய 10 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் மான்செஸ்டர் கோடிங், ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் சிக்னல் கட்டாயம் மாறும், அந்த மாற்றத்தைப் பிடித்தே வாங்குகிற பக்கம் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வந்த ஐ2ஐ கடலடி கேபிள் மாதிரியானவற்றில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது, வருகிற ஒளியிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

வேகம் என்று சொல்வது இதனால்தான். அசிங்க்ரனஸில் 8 பிட் அனுப்ப 10 பிட் செலவு, ஐந்தில் ஒன்று போய்விடுகிறது. எச்டிஎல்சி என்கிற சிங்க்ரனஸ் முறையில் ஒரு ஃப்ரேமில் (ஒரே கட்டாக அனுப்புகிற தரவில்) 1000 பைட்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஆறு பைட் போதும், நடுவில் 1 தொடர்ந்து ஐந்து வந்தால் ஒரு 0 நுழைப்பார்கள், அது மட்டும் கூடுதல்.

சரி, அப்படியானால் வே பிரிட்ஜுக்கு ஏன் அசிங்க்ரனஸ்? ஒரு எடை என்பது ஏழெட்டு எழுத்து, லாரி எப்போது ஏறும் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகத் தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மூன்று ஒயரில் வேலை முடிந்துவிடும். மழை நாளில் கனெக்டர் கழன்று டிஸ்ப்ளே நின்றுபோகும், மறுபடி சொருகினால் ஒன்றிரண்டு எழுத்து வேண்டுமானால் குப்பையாக வரும், அடுத்து ஒயர் கொஞ்சம் ஓய்ந்து ஸ்டார்ட் பிட் வந்ததும் தானாகப் பிடித்துக்கொள்ளும், அடுத்த லாரியின் எடை சரியாக வந்து நிற்கும்.