எழுத்தில் இரண்டு, வாயில் ஒன்று

கேள்வி: பிரெஞ்சு மொழிக்கான தொடக்கநிலைத் தேர்வான டெல்ஃப் ஏ1-க்குப் படிக்கிறேன். பிரெஞ்சில் ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதை என் கையேடு ‘இல் பார்-லெந்த்’ என்று பிரிக்கிறது. ஒலிப்பதிவில் ‘இல் பார்ல்’ என்றுதான் கேட்கிறது. எதை நம்புவது?

பதில்: காதை நம்புங்கள். வரி முடியும் இடத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால் ‘பார்’ என்பதற்குப் பின் கோடு போடலாம். அது அச்சுக்கோப்பவருக்கான விதி. பேச்சில் அந்த வினை ஓரசைதான். படர்க்கைப் பன்மையில் கடைசியாக வரும் இ, என், டி மூன்றையும் எழுத வேண்டும், சொல்லக் கூடாது. நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் ஒரே ‘பார்ல்’. நாங்கள், நீங்கள் வரும்போதுதான் இரண்டு அசை: பார்-லோங், பார்-லே.

சரி, ஒருமையா பன்மையா என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் பேச்சின் போக்கை வைத்துத்தான். வினை உயிரொலியில் தொடங்கினால் காதிலேயே தெரியும். ‘விரும்புகிறான்’ இ-லெம், ‘விரும்புகிறார்கள்’ இல்-ஸெம். அந்த ஸ, தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும்.

ஒரு விலக்கில் எல்லாரும் வழுக்குகிறார்கள். ‘வருகிறான்’ என்பதும் அதே மூன்று எழுத்தில்தான் முடிகிறது. ஆனால் அது ஒருமை, அதனால் ஈறு ஊமையாகாது: ‘இல் வியேங்’. ங் முழுதாக வராது. மூச்சு மூக்கு வழியேயும் போகும், நாக்கு எங்கும் தொடாது. ‘வருகிறார்கள்’ என்றால் ‘இல் வியென்’. நாக்கு மேல்பல்லின் பின்னால் அழுத்தமாகத் தொட வேண்டும். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலப் படும். நாக்கு தொட்டதா இல்லையா என்று கவனித்துப் பழகுங்கள். ‘கையில் பிடித்தல்’ (தெனீர்) வினைக்கும் இதே கதை.

அப்புறம், தமிழில் ‘பார்லெந்த்’ என்று அச்சடித்து விற்கும் கையேடுகளைத் தூக்கிப் போடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட்கள் கட்டணத்தோடு சேர்த்துத் தலையில் கட்டுவதும் பெரும்பாலும் இதே சரக்குதான். “பேச்சுத் தேர்வு வெறும் சம்பிரதாயம், சான்றிதழ் எங்கள் பொறுப்பு” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். டெல்ஃப் சான்றிதழ் பிரான்சின் கல்வி அமைச்சகத்துடையது, ஏஜென்ட் வாங்கித் தரும் பொருள் அல்ல. 100 மதிப்பெண்ணில் பேச்சுக்கு 25. அதில் 5-க்குக் கீழே போனால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தோல்விதான். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்து, வாயே திறக்காமல் தொண்ணூறைத் தாண்டியவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை; எழுத்துத் தேர்வை மட்டும் வைத்துவிட்டு மொழி கற்பித்ததாகச் சொல்லிக்கொள்கிறோம்.