தப்புத் தோலும் ஆலைக் கழிவும்

கேள்வி: தப்பு என்னும் தோல் பறையைக் கட்டும் குடும்பத்தில் பிறந்தவன் நான். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துத் தோலின் மயிரை நீக்குவதை வீட்டில் பார்த்திருக்கிறேன். தோல் ஆலைகள் மட்டும் ஆற்றைக் கெடுப்பது ஏன்? தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளான தனினால் தோலைப் பதனிட முடியாதா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சுண்ணாம்பு மட்டும் என்றால் மயிர் கழலப் பல நாட்கள் எடுக்கும்; அதை விரைவுபடுத்த ஆலைகள் சோடியம் சல்பைட்டைச் சேர்க்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்தே வருகிறது. நொதிகளைக் கொண்டு மயிரை வேரோடு தளர்த்தினால் சல்பைட்டைப் பெருமளவு குறைக்கலாம். மயிரும் கூழாகாமல் வடிகட்டியில் முழுதாகத் தங்கும்.

அதைவிடப் பெரிய கவலை குரோமியம். வழக்கமான முறையில், தோலைப் பதனிடச் சுழலும் பீப்பாயில் இடும் குரோமிய உப்பில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் தோலில் ஏறாமல் நீலம் பாய்ந்த கழிவுநீராக வெளியேறுகிறது. அந்நீரைத் தனிக் கானில் பிரித்தெடுத்து மக்னீசியம் ஒக்சைட்டு இட்டால், குரோமியம் பச்சை வண்டலாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். எல்லாக் கழிவும் ஒன்றாகக் கலந்த பின் இது மிகக் கடினம் ஆதலால், பிரிப்பதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

தேயிலைத் தனின்களில் பெரும்பகுதி சிறிய மூலக்கூறுகள். தோலின் நார்களை உறுதியாகப் பிணைக்க அவை தனித்துப் போதா. வாட்டில் என்னும் மரத்தின் பட்டையும் ஆவாரம்பட்டையும் அதற்கு உகந்தவை. ஆயினும் பட்டைச் சாற்றின் கழிவும் கருமையானதே. சுத்திகரிக்காமல் அதையும் ஓடையில் விடலாகாது.