வக்கீல் நோட்டீஸ் வந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். கிரைண்டருக்கான ஓர் உதிரிபாகத்தை ஆறு ஆண்டுகளாகச் செய்து விற்கிறேன். அது தங்கள் காப்புரிமையை (பேட்டன்ட்) மீறுகிறது, 15 நாளில் 20 லட்சம் தராவிட்டால் வழக்கு என்று ஒரு நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டேன். பணத்தைக் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல. எதிர்த்தரப்பு தன் கோரிக்கையைத் தாளில் எழுதி அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகப் பதில் அனுப்பாமலும் இருந்துவிடக் கூடாது.

நோட்டீஸில் காப்புரிமை எண் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். எண் கிடைத்ததும் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். உரிமை வழங்கப்படாமல் விண்ணப்ப நிலையிலேயே இருந்தால், அதை வைத்து வழக்குப் போட முடியாது. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் உரிமை காலாவதியாகியும் இருக்கலாம். பிறகு, ஆவணத்தில் வரிசை எண்ணிட்டு எழுதியிருக்கும் உரிமைக் கோரல்களைப் பொறுமையாகப் படியுங்கள். படம் உங்கள் பொருளைப் போலவே இருக்கலாம். ஆனால் உரிமையின் எல்லையை வகுப்பவை அந்தக் கோரல்கள்தான்.

ஆறு ஆண்டுகளாக விற்கிறேன் என்கிறீர்களே, அதுதான் உங்கள் பலம். அவர்கள் விண்ணப்பித்த தேதிக்கு முன்பே நீங்கள் அதே பொருளை வெளிப்படையாக விற்றிருந்தால், அது புதியது அல்ல என்று சொல்லி அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கோரலாம். பழைய பில் புத்தகம், டெலிவரி சலான், தேதியுள்ள படங்கள் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

பட்டறைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது இறுக்கிப் பிடிக்கும் கருவிக்கு மிர்சாபூர் நிறுவனம் ஒன்று காப்புரிமை வாங்கி, மற்றொரு பாத்திர நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. பழக்கத்தில் இருந்த முறையில் சிறிய பட்டறைத் திருத்தம் செய்வது கண்டுபிடிப்பு ஆகாது என்று கூறி, 1978இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

ஆதாரமில்லாமல் மிரட்டுகிறார்கள் என்றால், காப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி நீங்களே அவர்கள் மீது வழக்குத் தொடுத்துத் தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் கோரல் உங்கள் பொருளை அப்படியே விவரித்து, விண்ணப்பத் தேதியும் உங்கள் முதல் விற்பனைக்கு முந்தையதாக இருந்தால், தொடர்ந்து செய்வது ஆபத்து. அப்போது உரிமம் கேட்டுப் பேசுவதே நல்லது. எதுவானாலும் கோரல்களைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் மூலம் பதில் போகட்டும். உண்மையை விசாரிக்காமலே, பயத்தில் வேலையாட்களை நிறுத்திவிட்டுப் பட்டறையைப் பூட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றை நானே வடிவமைத்து, வீடியோவாக வெளியிட்டேன். இப்போது காப்புரிமை வாங்கலாமா?

வெளியிட்ட வடிவத்துக்குக் கிடைப்பது மிகக் கடினம். உலகுக்குத் தெரிந்துவிட்டது புதியது ஆகாது. அடுத்த திருத்தத்தைச் செய்யும்போதாவது முதலில் காப்புரிமை அலுவலகத்தில் தற்காலிக விவரக்குறிப்பை, அதாவது கருவியைப் பற்றிய முதற்கட்ட விவரத்தை, தாக்கல் செய்யுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரங்களைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு. அந்த வீடியோவை மட்டும் நீக்கிவிடாதீர்கள். உங்கள் வடிவத்துக்கு வேறொருவர் பிறகு விண்ணப்பித்தால், அதை எதிர்க்க அதுவே சாட்சி.

திருப்பூரில் ஜாப் ஒர்க் செய்கிறேன். நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. கேட்டால், "கலர் மாறியிருக்கிறது, பாதிதான் தருவோம்" என்கிறார்கள். இவ்வளவு நாள் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்காவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் தவணை எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி.

இந்த உரிமையைக் குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதி மன்றத்தில் கேட்கலாம். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்து அவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனால், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இதைக் கேட்டதுமே பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருகிறவர்கள் பலர். குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள். பிறகு செய்யும் பதிவு பழைய பாக்கிக்கும் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு மாதம் பணம் தராதவர் கொடுக்கும் அடுத்த ஆர்டரும் உங்கள் பணத்தில்தான் ஓடும்.

புது மிக்சி இரண்டாம் நாளே நின்றுவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லிலேயே அச்சிட்டிருப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

அச்சிட்டால் அது சட்டமாகிவிடாது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

விளைச்சலில் எடுத்து வைத்த விதையை மறுபடி விதைத்தேன். "அது காப்புரிமை பெற்ற ரகம், வழக்கு வரும்" என்று வியாபாரி ஒருவர் பயமுறுத்துகிறார்.

விதைக்கும் பயிர் ரகத்துக்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது. அவற்றுக்கு 2001ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ரகமானாலும் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுக்கவும், விற்கவும்கூட அதன் 39ஆம் பிரிவு உழவருக்கு உரிமை தருகிறது. 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு பெப்சிகோ வழக்குத் தொடுத்தபோது, உழவர் அமைப்புகள் பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவைத்தான். சில வாரங்களில் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பதிவு பெற்ற ரகம் என்று லேபிள் ஒட்டி, பையில் அடைத்து விற்கக் கூடாது. சாக்கில் கட்டி வைத்திருக்கும் விதையை அடுத்த பட்டத்துக்கும் தயங்காமல் விதையுங்கள்.