சிவப்பு மையை மூடி வைத்துவிடலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டுரை நோட்டோடு போகிறது. ஒரு பிழை விடாமல் திருத்தித் தருகிறேன். அடுத்த கட்டுரையிலும் அதே ‘டிட் நாட் வென்ட்’, அதே ‘ஹி கோ’. திருத்துவதே வீண் என்று ஆய்வு சொல்வதாகச் சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

பதில்: விட வேண்டாம் டீச்சர். குறைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொல்வது மொழி கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையாக இருக்கும். இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, கெடுதலும் உண்டு, கைவிடுங்கள் என்று அதில் வாதாடினார். 1999-ல் டானா ஃபெரிஸ் என்ற இன்னோர் ஆய்வாளர் அதை மறுத்து எழுதினார். டிரஸ்காட் கேட்ட கேள்வி நியாயம், தீர்ப்புதான் அவசரம் என்பது என் கட்சி. ஏனென்றால் 2008-ல் வெளியான ஆய்வில் நியூசிலாந்தின் ஜான் பிட்சனர், ஆங்கிலம் படிக்கும் மாணவர்கள் எழுதியதில் ‘ஏ’, ‘தி’ என்ற இரண்டு சொற்களில் வரும் பிழையை மட்டும் திருத்திப் பார்த்தார். திருத்தம் பெற்றவர்கள் இரண்டு மாதம் கழித்தும், பெறாதவர்களைவிடச் சரியாகவே எழுதினார்கள். உங்கள் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவர்கள் அவர்கள். ஆனாலும் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு பிழை என்கிற சூட்சுமம் நமக்கும் பொருந்தும்.

உங்கள் நோட்டில் உழைப்பு முழுவதும் உங்களுடையது. பிள்ளை மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறான். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் எதைப் பார்ப்பான், பாவம்?

இந்த மாதம் இறந்தகால வினை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். ‘டிட் நாட் வென்ட்’டுக்கு அடிக்கோடு போதும், நீங்கள் நடத்திய பாடம்தானே, அவனே கண்டுபிடிப்பான். ‘டிஸ்கஸ் அபௌட்’ அப்படியில்லை, அங்கே ‘அபௌட்’ வரக்கூடாது. அடிக்கோடு போட்டால் திருதிருவென்று முழிப்பான், யோசித்துக் கண்டுபிடிக்க அங்கே விதி எதுவும் கிடையாது. அந்த மாதிரிப் பிழைக்கு முறை வரும்போது சரியானதை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘தி’க்குத் தமிழில் ஈடே இல்லை, அதற்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்க வேண்டும்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அதே பீரியடில் பத்து நிமிடம் விடுங்கள். அடிக்கோடிட்ட வாக்கியங்களை மட்டும் அவர்களே திருத்தி எழுதட்டும். இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. சரியான வாக்கியத்தைப் பத்துத் தடவை எழுதிவரச் சொல்வது வேறு, அதில் கைதான் வலிக்கும்.

அப்புறம், கட்டுரையில் என்ன சொல்லியிருக்கிறான் என்பதைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். பாட்டி வீட்டுக்குப் போன கதையை எழுதியவனுக்குப் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கட்டும்.

பள்ளியைப் பார்வையிட வருகிற அதிகாரி “பாதிப் பிழை அப்படியே கிடக்கிறதே” என்பார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘இறந்தகால வினை மட்டும் பார்க்கப்பட்டது’ என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தலைமையாசிரியர் காதில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். பெற்றோர் கேட்டாலும் அந்த வரியைக் காட்டலாம்.