கல்யாணப் படங்களுக்கு லைக்கா தேவையா?

கேள்வி: பல வருடங்களாகக் கல்யாணப் படங்கள் எடுத்து வருகிறேன். 33 மெகாபிக்சல் சோனி கேமராக்கள் இரண்டு இருக்கின்றன. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. லைக்கா எம்11 அல்லது ஹாஸல்பிளாட் எக்ஸ்2டி, இரண்டில் ஒன்றைப் பழையதாக வாங்கினால் தொழிலுக்கு உதவுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் லைக்கா. முகூர்த்தத்துக்கு அதைக் கொண்டு போகாதீர்கள். எம்11-இல் ஆட்டோஃபோகஸ், அதாவது தானாகவே கூர்மையைப் பிடிக்கும் வசதி, கிடையாது. தூரத்தைக் கணிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற கண்ணாடிச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை, லென்ஸைக் கையால் திருப்பி ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழும்வரை உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் நாத்தனார் கை குறுக்கே வரும், அட்சதை பறக்கும், வீடியோக்காரரின் விளக்கு நகரும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.4 என்று மிக அகலமாகத் திறந்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏழெட்டு சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை சற்றுக் குனிந்தாலே முகம் மங்கிவிடும். உங்கள் சோனி கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

லைக்காவின் புகழ் வெறும் விளம்பரத்தால் வந்ததல்ல. 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமான அந்தச் சிறிய கேமராதான் புகைப்படக்காரரை முக்காலியிலிருந்து விடுவித்துத் தெருவுக்கு அனுப்பியது. இன்றும் ஆவணப் படங்கள் எடுப்பவர்கள் அதன் அமைதிக்காகவும் அளவுக்காகவும் அதை விரும்புகிறார்கள். ஆனால் வேலை வேறொன்றைக் கேட்டபோது மேதைகளே பிராண்டை மாற்றியிருக்கிறார்கள். நெடுங்காலம் லைக்காவில் படமெடுத்த பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்டியோ சல்காடோ, இயற்கையைத் தேடிச் சென்ற நீண்ட பயணத்தில் பெரிய ஃபிலிம் பயன்படுத்தும் பென்டாக்ஸ் 645-க்கு மாறினார். விமான நிலைய எக்ஸ்ரேக்களால் ஃபிலிம் பாழாவதைப் பொறுக்காமல் 2008-இல் கேனான் டிஜிட்டலுக்குப் போனார்.

ஹாஸல்பிளாட் விஷயம் வேறு. அதில் உங்கள் தொழிலுக்குப் பயன்படும் ஒரு குணம் உண்மையாகவே இருக்கிறது: ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், எஃப்/4 வைத்து ஜோடியை எடுப்பதாகக் கொள்ளுங்கள். சரியான ஷட்டர் வேகம் சுமார் 1/1600 விநாடி. சாதாரணக் கேமராக்களில் ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் முழுமையாக ஒத்துழைக்கும். அதற்கு மேலான வேகத்திலும் ஃபிளாஷை இயக்கும் ஹைஸ்பீடு சிங்க் போட்டால் ஃபிளாஷின் வலு வெகுவாகக் குறையும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டால் அது வெயிலோடு சேர்த்து ஃபிளாஷையும் வெட்டும். ஹாஸல்பிளாட் லென்ஸிலோ 1/2000 வரை முழு வலுவும் கிடைக்கும். கையில் தூக்கிச் செல்லும் சிறிய ஃபிளாஷே போதும். ஆனால் இந்த மேன்மையும் ஹாஸல்பிளாட்டுக்கு மட்டுமே உரியதாக நிற்கவில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III, படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவுசெய்யும் குளோபல் ஷட்டரின் துணையோடு எந்த வேகத்திலும் ஃபிளாஷை ஏற்கிறது.

எக்ஸ்2டி-யின் 100 மெகாபிக்சல் மீது ஆசை இருந்தால் உங்கள் ஆல்பத்தையே அளந்து பாருங்கள். 12க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டாலும் 20 மெகாபிக்சலைத் தாண்டாது. உங்களிடம் இருப்பதே அதிகம். நகைக்கடை விளம்பரம், பெரிய பேனர், ஓவியங்களைப் படியெடுப்பது போன்ற வேலைகள் வந்தால் கணக்கு மாறும். அப்போதும் நாள் வாடகைக்கு எடுத்து, அந்தத் தொகையை வாடிக்கையாளரின் பில்லில் சேர்ப்பதுதான் என் ஆலோசனை. எக்ஸ்2டி-யின் ஆட்டோஃபோகஸ் நடந்துவரும் மணமக்களைத் தொடராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிராண்டைப் பார்த்து வாடிக்கையாளர் வருவாரா? பெண் வீட்டார் பார்ப்பது போன கல்யாணத்தின் ஆல்பத்தை. அதை அழகாக்குவது நல்ல 85 மி.மீ. லென்ஸும், மண்டபத்தின் மஞ்சள் விளக்கைச் சமாளிக்கும் இரண்டு ஃபிளாஷ்களும்தான். சேர்ந்த பணம் முதலில் அங்கே போகட்டும்.

இத்தனைக்குப் பிறகும் லைக்கா மனதை விட்டுப் போகவில்லை என்றால், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். பிறகு பழையதை வாங்கப் போகும்போது, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். கடையை விட்டு வெளியே வந்து, லென்ஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கான குறியில்) வைத்துத் தொலைவில் இருக்கும் கோபுரக் கலசத்தைப் பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டு கலசம் தெரிந்தால், சரிசெய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.